77 வயது அனா நரகத்துக்கு ஏன் போனார்? (வாசகர் கேள்வி–பதில்)

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, "மேடையில் நான் பார்த்த நரகங்களிலேயே என்னை அதிகம் சிரிக்க வைத்தது பெர்னார்ட் ஷாவின் நரகம், அதிகம் தூக்கத்தைக் கெடுத்ததும் அதுதான்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, இம்முறை நரகத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அது எந்த நாடகம்? கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள் அம்மா.
– வாசகி, கும்பகோணம்

ஐரிஷ் நாடகாசிரியர் ஷா எழுதிய அந்த நாடகத்தின் பெயர் 'மேன் அண்ட் சூப்பர்மேன்'. 1903-இல் நூலாக வந்தது. நான்கு அங்கங்கள். வெளிக்கதை ஒரு காதல் நகைச்சுவை: ஆன் என்ற பெண் டானர் என்ற புரட்சிக்காரனைக் கணவனாக்கிக்கொள்ள முடிவு செய்கிறாள், அவன் மோட்டார் வண்டியில் ஸ்பெயின் வரைக்கும் தப்பி ஓடுகிறான். அங்கே சியரா நெவாடா மலையில் மெண்டோசா என்ற கொள்ளைக்காரனிடம் சிக்கிக்கொள்கிறான். "நான் கொள்ளைக்காரன், பணக்காரர்களைக் கொள்ளையடித்துப் பிழைக்கிறேன்" என்று மெண்டோசா அறிமுகம் செய்துகொள்ள, "நான் கனவான், ஏழைகளைக் கொள்ளையடித்துப் பிழைக்கிறேன், கை கொடுங்கள்" என்கிறான் டானர். அன்றிரவு அந்த மலையில் இருவரும் உறங்கும்போது வரும் கனவுதான் மூன்றாம் அங்கத்தின் நரகக் காட்சி.

அதில் நான்கு பேர். டான் ஜுவான் என்ற பழைய ஸ்பானியக் கதையின் பெண்பித்தன். மோட்சார்ட் 1787-இல் இசை நாடகமாக்கினாரே, அதே ஆள். அவனால் வாள்சண்டையில் கொல்லப்பட்ட தளபதி, சிலை வடிவில். தளபதியின் மகள் டோனா அனா. நான்காவது சாத்தான். கனவு என்பதால் டானரே ஜுவானாகவும், மெண்டோசாவே சாத்தானாகவும், ஆனே அனாவாகவும் வருகிறார்கள்.

அனா 77 வயதில் இறந்து, நேராகச் சொர்க்கத்தில் இறங்கியதாக நினைத்துக்கொண்டு வருகிறார். இடம் ஒரே வெறுமை. மண் இல்லை, வானம் இல்லை, ஒளியும் இல்லை. அங்கே தனியாக இருக்கும் ஒருவனிடம் கேட்கிறார். "இது நரகம், அம்மணி" என்று பதில் வருகிறது. அந்த இடத்திலிருந்து நாடகம் பறக்கிறது.

வாழ்நாள் முழுவதும் கோவிலுக்குப் போன பெண்மணி நரகத்தில். கொலைகாரன் ஜுவான் கடைசியில் சொர்க்கத்துக்குப் போகிறானாம். இதில் என்ன நியாயம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ராஜபாளையம்

ஐயா, அனாவும் இதையேதான் கேட்கிறார். தன் நற்செயல்கள் எல்லாம் வீணாகிவிட்டனவே என்று பதறி, உடனே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறார்: இது முன்பே தெரிந்திருந்தால் இன்னும் எவ்வளவு கெட்டவளாக இருந்திருக்கலாம்!

எனக்கு இந்த ஒரு வரி போதும். அனாவை எந்தத் தேவதூதரும் நரகத்துக்கு இழுத்து வரவில்லை, அவருடைய வாயே வழக்கை முடித்துவிட்டது. 77 வருடம் நல்லவராக இருந்ததில் ஒரு நாளாவது அந்த நன்மை அவருக்கு ருசித்திருந்தால் 'வீண்' என்ற சொல் வந்திருக்குமா? பேத்திக்குத் தலைவாரிவிட்ட காலைப்பொழுதை வீண் என்று யாரும் சொல்வதில்லை. சீட்டுக் கட்டியவர் சீட்டுப்பணம் வராதபோதுதான் அப்படிச் சொல்வார்.

அதற்கு முன் இன்னொரு இடம். தனக்கு வலியே தெரியவில்லை, அதனால் இது நரகமாக இருக்க முடியாது என்கிறார் அனா. அப்படியானால் தவறே நடக்கவில்லை என்கிறான் ஜுவான். நரகம் தீயவர்களுக்காகக் கட்டப்பட்டது. அவர்களுக்கு அங்கே எல்லாம் சௌகரியம். வலி தெரியவில்லை என்றால் நீங்கள் வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். சரி, உனக்கு வலிக்கிறதா என்று கேட்டால், தனக்கு அங்கே சலிப்பாக இருக்கிறது என்கிறான்.

பாவமன்னிப்பு பற்றியும் ஒரு பேச்சு வருகிறது. செய்த பாவங்களைவிட அதிகமாகவே பாவ அறிக்கை செய்ததாக அனா பெருமையாகச் சொல்கிறார். அது அவருக்கு அவ்வளவு பிடிக்குமாம். குறைத்துச் சொல்வதைப் போலவே கூட்டிச் சொல்வதும் மோசம்தான் என்பது ஜுவானின் பதில்.

நீங்கள் கேட்ட நியாயத்துக்கும் ஜுவானிடம் விடை இருக்கிறது: உங்கள் தீச்செயல்களுக்கு நீதி பாராத இரக்கம் கிடைக்கும், நற்செயல்களுக்கு இரக்கம் பாராத நீதி கிடைக்கும் என்று முன்பே தெளிவாக எச்சரித்திருந்தார்களே! என் ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்து கேட்ட அத்தனை பிரசங்கங்களுக்குப் பிறகும், இந்த வாக்கியத்தை எண்ணி நான் படுக்கையில் புரண்ட இரவுகள் உண்டு.

மற்றபடி, ஷாவின் நரகத்துக்குப் பூட்டு கிடையாது. சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவே உள்ள பெரும்பள்ளம் மனப்போக்கின் வித்தியாசம் மட்டுமே. யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் போகலாம். அனாவின் தந்தையே சொர்க்கத்தில் சலிப்புத் தாங்காமல் நரகத்துக்குக் குடிவருகிறார். நரகவாசிகள் ஏன் சொர்க்கத்துக்குப் போவதில்லை என்பதற்குச் சாத்தான் இங்கிலாந்தின் சங்கீதக் கச்சேரிகளைக் காட்டுகிறான். அங்கே வரிசை வரிசையாகச் சோர்ந்த முகங்கள் உட்கார்ந்திருக்கும். பிடித்துப்போய் வந்தவர்கள் அல்லர், பிடிக்க வேண்டும் என்று நினைத்து வந்தவர்கள். சொர்க்கத்திலும் அப்படிச் சிலர் உட்கார்ந்திருக்கிறார்களாம், தங்கள் அந்தஸ்துக்கு அதுதான் தகும் என்பதற்காக.

சாத்தானுக்குக் கொம்பும் வாலும் உண்டா?
– எட்டாம் வகுப்பு மாணவி, திருச்சி

மேடையில் கொம்பு வைத்தும் காட்டலாம். ஆனால் இவன் பயமுறுத்துபவன் இல்லை கண்ணே. விருந்தாளி வந்தால் ஓடிவந்து உபசரிப்பான். யாராவது கடுமையாகப் பேசினால் முகம் வாடிவிடுவான். எல்லாரும் தன்னிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. தன்னைப் பற்றி ஓர் ஆங்கிலேயர் எழுதிய நீண்ட கவிதையை இதுவரை யாருமே முழுக்கப் படித்து முடித்ததில்லை என்று குறைப்படுவான்.

ஒன்றரை மணி நேரம் நான்கு பேர் பேசிக்கொண்டே இருப்பார்களாம். இதை நகைச்சுவை நாடகம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
– நாடக ஆர்வலர், கோயம்புத்தூர்

உங்கள் சந்தேகம் ஆரம்பத்தில் நாடகக்காரர்களுக்கும் இருந்தது. 1905-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் இந்த நாடகம் முதலில் மேடையேறியபோது நரகக் காட்சியை முழுவதுமாக விட்டுவிட்டார்கள். 1907-இல் அதைத் தனி நாடகமாக அதே அரங்கில் போட்டார்கள். நான்கு அங்கங்களும் சேர்ந்த முழு நாடகம் 1915-இல்தான், எடின்பரோவில் மேடை கண்டது. முழுவதையும் நடித்தால் ஐந்து மணி நேரத்தை நெருங்கும்.

நரகக் காட்சிக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தது 1951-இல் அமெரிக்காவில் நால்வர் நடத்திய வாசிப்பு. சார்ல்ஸ் லாட்டன் சாத்தான், சார்ல்ஸ் போயர் ஜுவான், செட்ரிக் ஹார்ட்விக் தளபதி, ஆக்னஸ் மூர்ஹெட் அனா. திரைச்சீலை இல்லை, அரங்கப் பொருள் இல்லை. மாலை விருந்துக்குரிய உடையில் வந்து, உயரமான முக்காலிகளில் உட்கார்ந்து, ஒலிவாங்கி முன் பேசினார்கள். ஊர் ஊராக அரங்கு நிறைந்தது. இசைத்தட்டாகவும் வந்தது. 2015-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ரால்ஃப் ஃபைன்ஸ் ஜுவானாக நடித்தார்.

நகைச்சுவை எங்கே என்று கேட்டீர்கள். தளபதியைப் பாருங்கள். உயிரோடு இருந்தபோது தன் உடம்பை இவ்வளவு பேர் ரசித்ததில்லை என்பதால், சிற்பி செதுக்கிக் கொடுத்த பளிங்கு உருவத்திலேயே மறுமையிலும் உலவுகிறார். தன்னைக் கொன்றவனோடு எந்தப் பகையும் இல்லை. ஆனால் அன்றைக்குக் கால் மட்டும் வழுக்காமல் இருந்திருந்தால் வாள்சண்டையில் தானே வென்றிருப்பேன் என்பதை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பாவைக் கொன்றவனோடு அப்பா சிரித்துப் பேசுவதைப் பார்த்து மகள் திகைத்து நிற்கிறார். ஷாவின் சிரிப்பு கருத்துகளுக்குள் இருக்கிறது என்று பாடநூல்கள் சொல்லும். என் அனுபவம் வேறு: அது மனிதர்களின் வீம்புக்குள் இருக்கிறது. அதனால்தான் பேச்சு எவ்வளவு நீண்டாலும் தாங்குகிறது.

இதை நான் தெரிந்துகொண்டது 1986-இல். பாளையங்கோட்டையில் நான் ஆங்கிலம் கற்பித்த நாட்களில், இரண்டாமாண்டு மாணவியர் நால்வரை வைத்து இந்தக் காட்சியைச் சுருக்கி வாசித்தோம். நான்கு மர நாற்காலி, பின்னால் ஒரு கறுப்புத் துணி, அவ்வளவுதான். பாதியில் மின்சாரம் போய்விட்டது. நாங்கள் நிறுத்தவில்லை. சமையற்கூடத்திலிருந்து இரண்டு அரிக்கேன் விளக்குகள் வந்தன. ஜுவானாக இருந்த பெண் சாத்தானின் நண்பர்களைப் பட்டியல் போடும் வசனத்தை அந்த வெளிச்சத்தில்தான் சொன்னாள்: இவர்கள் அழகானவர்கள் அல்லர், அலங்கரித்துக்கொண்டவர்கள், சுத்தமானவர்கள் அல்லர், மழித்துக் கஞ்சி போட்டுக்கொண்டவர்கள், படித்தவர்கள் அல்லர், பட்டம் வாங்கியவர்கள், பக்தர்கள் அல்லர், கோவில் இருக்கைக்கு வாடகை கட்டியவர்கள், ஒழுக்கமுள்ளவர்கள் அல்லர், ஊர் வழக்கத்துக்கு அடங்கியவர்கள், நல்லவர்கள் அல்லர், கோழைகள். முதல் மூன்றுக்கு அரங்கு குலுங்கியது. 'இருக்கை வாடகை'யில் சிரிப்பு பாதியாகக் குறைந்தது. கடைசி வரியில் யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியையாக நான் கண்ட மிக நல்ல நிமிடங்களில் அந்த மௌனம் ஒன்று.

படுத்த படுக்கையான மாமியாரை 11 ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். சென்ற ஆண்டு இறந்துவிட்டார். எல்லாரும் "உனக்குப் பெரிய புண்ணியம்" என்கிறார்கள். உண்மையில், செய்யாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம்தான் என்னைச் செய்ய வைத்தது. அப்படியானால் நானும் அந்த அனாதானா?
– வாசகி, காரைக்குடி

உங்கள் கடிதத்தை நான்கு நாட்கள் மேசையின் மேலேயே வைத்திருந்தேன் தங்கையே. அவசரமாகப் பதில் எழுதும் கடிதம் அல்ல அது.

அனா அல்ல நீங்கள். அனா தன்னைப் பற்றி இந்தக் கேள்வியை 77 வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஷாவின் நரகம் பொய்த்தோற்றங்களின் வீடு. அங்கே வயதும் விருப்பம்போல மாறும். 27 என்று நினைத்தால் 27. உடம்பு இல்லை, பசி இல்லை, நோய் இல்லை. அழகான உணர்ச்சிகள் மட்டும் உண்டு. நீங்கள் இருந்த இடத்தில் புண்ணும் மருந்தும் வாடையும் இருந்தன. அந்த நாடகத்தின் கணக்குப்படி, உண்மையை முகத்துக்கு நேரே பார்ப்பவர்களுக்கு நரகத்தில் இருப்புக்கொள்ளாது.

இன்னொன்றும் கேட்கிறேன். இரவு இரண்டு மணிக்குப் படுக்கைத் துணி மாற்றியபோது ஊர் விழித்திருந்ததா? அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது உங்கள் கை மெதுவாகப் பிடித்ததா, முரட்டுத்தனமாகப் பிடித்ததா என்பது எந்த அண்டை வீட்டுக்காரருக்குத் தெரியும்? பயம் உங்களை அந்த அறைக்குள் தள்ளியிருக்கலாம். 11 ஆண்டுகள் ஒருவரை அங்கேயே நிற்க வைக்கும் பலம் பயத்துக்கு உண்டு என்று நான் நம்பவில்லை.

என் ஆச்சி நாசரேத் பக்கத்துக்காரர். ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் அரிசி களைவதற்கு முன்பாக ஒரு பிடி எடுத்துத் தனித் தகரடப்பாவில் போடுவார். கைப்பிடி அரிசி. மாதக் கடைசியில் சபையார் வந்து வாங்கிப்போவார்கள். வீட்டில் அரிசி இல்லாமல் கிழங்கு அவித்த நாட்களில் ஆச்சியின் கை அந்த டப்பாவை நோக்கிப் போய், மூடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பலன் உண்டா என்று சிறுமியாக நான் கேட்டதற்கு, "உலை வைத்தால் ஒரு பிடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார். பழக்கம் என்று சொல்லலாம், அச்சம் என்றும் சொல்லலாம். ஆனால் எத்தனை பிடி என்று அவர் ஒருநாளும் எண்ணவில்லை. நீங்களும் 11 ஆண்டுகள் என்று எழுதினீர்களே தவிர, இத்தனை இரவுகள் என்று எழுதவில்லை.

இப்போதைக்கு நன்றாக உறங்குங்கள். "புண்ணியம்" என்று யாராவது சொன்னால் மறுக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம்.

மோட்சத்தை எதிர்பார்த்து நன்மை செய்வது தவறு என்று சொல்ல ஓர் ஐரிஷ்காரர்தான் வர வேண்டுமா? நம்மிடம் இல்லையா?
– தமிழாசிரியர், தஞ்சாவூர்

இருக்கிறது, அதுவும் ஷாவுக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பாக. புறநானூற்றின் 134-ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், வள்ளல் ஆயைப் பற்றிச் சொல்கிறார்: "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்எனும் அறவிலை வணிகன் ஆய் அலன்." அறவிலை வணிகன்! அனாவைப் பற்றி ஷா மூன்றாம் அங்கம் முழுவதும் பேசியதை மோசியார் இரண்டே சொல்லில் அடக்கிவிட்டார். ஆய் கொடுத்தது, சான்றோர் போன வழி அது என்பதற்காக. அதைத் தவிர வேறு காரணம் பாட்டில் இல்லை. மேலுலகமே இல்லை என்றாலும் ஈதலே நன்று என்று குறளும் சொல்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் புலவர் வணிகன் அல்லாதவரைக் காட்டினார். ஷா வணிகரையே மேடையேற்றி, வரவு செலவு பொய்த்துப்போன முகத்தைக் காட்டினார். சிரிப்பு வருவது அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

மதத்தையும் நரகத்தையும் கேலி செய்யும் நாடகத்தை, பக்தியுள்ள நீங்கள் புகழ்வது வருத்தமாக இருக்கிறது.
– வாசகர், தூத்துக்குடி

உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். சிறுவயதில் ஞாயிறு பள்ளிச் சுவரில் அக்கினிக் கடலின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் பக்கம் பார்க்காமலே உள்ளே போய் உட்காருவேன். அந்தப் படத்துக்குப் பயந்து நான் சொல்லாமல் விட்ட பொய்கள் பல. ஆனால் பயத்தில் விட்ட பொய், பயம் தெளிந்ததும் திரும்பி வந்துவிட்டது. கடவுளை நேசித்துப் பொய்யை விட எனக்கு இன்னும் பல வருடங்கள் ஆயின. ஷா என் விசுவாசத்தைத் தொடவில்லை. என் பயத்தை விசுவாசம் என்று நான் பெயர் மாற்றி வைத்திருந்ததைக் காட்டினார். அதற்காக அவருக்கு நன்றியுள்ளவளாக இருக்கிறேன்.

இந்த நாடகத்தில் உங்களுக்குப் பிடிக்காதது எதுவுமே இல்லையா?
– கல்லூரி மாணவர், சேலம்

இருக்கிறது. கடைசியில் ஜுவான் சொர்க்கத்துக்குக் கிளம்புகிறான். நரகத்தில் இருப்பது அலையில் மிதப்பது, சொர்க்கத்தில் இருப்பது கப்பலைச் செலுத்துவது என்பது அவன் வாதம். இதுவரை சரி. ஆனால் அந்தக் கப்பல் போகும் துறைமுகம் 'அதிமனிதன்'. உயிர்ச் சக்தி தன்னைவிட உயர்ந்த ஒரு பிறவியை உண்டாக்கப் பாடுபடுகிறதாம்; அதற்குப் பெண் ஒரு கருவியாம். அனாவும் அதிமனிதனுக்குத் தந்தை வேண்டும் என்று கூவிக்கொண்டு வெறுமைக்குள் மறைகிறார். நல்ல மனிதர்களைப் பயிர்போலத் தேர்ந்தெடுத்து வளர்க்கலாம் என்ற எண்ணம் ஷாவுக்கு உண்மையாகவே இருந்தது. அதே எண்ணம் பிற்காலத்தில் எத்தனை பேரைக் கொன்றது என்று நாம் அறிவோம். 77 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு இறுதியாகக் கிடைத்த சொல் அதுதானா என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

வியப்பு என்னவென்றால், இந்த ஆபத்தைப் பற்றி அந்த மேடையிலேயே எச்சரிப்பவன் சாத்தான்தான். வாழும் கலையில் மனிதன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, உழவன் பத்தாயிரம் வருடத்துக்கு முன் உண்டதையே உண்கிறான், ஆனால் கொல்லும் கலையில் இயற்கையையே மிஞ்சிவிட்டான் என்கிறான். முதல் உலகப் போருக்கு 11 ஆண்டுகள் முன்பு அச்சான வசனம் இது. ஜுவானின் பதில்கள் கெட்டிக்காரத்தனமானவை, ஆனால் இந்த ஒரு வசனத்துக்கு அவனிடம் போதுமான பதில் இல்லை என்பது என் தீர்ப்பு. உங்கள் தீர்ப்பு வேறாக இருந்தால் எழுதுங்கள்.

எங்கள் கல்லூரி நாடக மன்றத்தில் இதைப் போட ஆசை. அனுமதி வாங்க வேண்டுமா? செலவு அதிகமாகுமா?
– மாணவியர் குழு, மதுரை

ஷா 1950-இல் இறந்தார். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகு பதிப்புரிமை முடிந்துவிடும். ஆகவே மூல ஆங்கில நாடகத்தை நீங்கள் தாராளமாகப் போடலாம், நீங்களே தமிழாக்கியும் போடலாம். பிறர் செய்த மொழிபெயர்ப்பை எடுத்தால் மட்டும் அவரிடம் கேளுங்கள்.

செலவு நான்கு நாற்காலிதான். வெட்டிச் சுருக்குங்கள், ஆனால் சாத்தானின் ஆயுத வசனத்தை வெட்டாதீர்கள். தளபதிக்கு வெள்ளைப் பூச்சு வேண்டாம், முதுகை வளைக்காமல் உட்கார்ந்தாலே சிலைதான். அனா 77-இலிருந்து 27-க்கு மாற ஒப்பனை வேண்டாம். எங்கள் மாணவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தலையை மூடியிருந்த முந்தானையை இறக்கி, நிமிர்ந்தாள். அவ்வளவுதான், அரங்கு நம்பியது.

ஒரே ஓர் இடத்தில் கவனம் தேவை. "எனக்கு வலியே தெரியவில்லையே" என்று அனா சொன்னதும் ஜுவான் உடனே பதில் சொல்லக்கூடாது. மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு, குரலை உயர்த்தாமல், மரியாதையாகச் சொல்ல வேண்டும். சிரிப்பு வரும். அது அடங்கும் வரைக்கும் அனா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.